பனிச்சாலை

கடல் உறைந்துவிட்டது.
ஹீயுமா தீவுக்குப் பாதை திறந்தாயிற்று.
கரையில் பலகை:
இருக்கைப் பட்டி போடாதீர்.
நடுவில் நிறுத்தாதீர்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள், இல்லை நாற்பதுக்கு மேலே.
இடைப்பட்ட வேகத்தில்
பனிக்கடியில் ஓர் அலை எழும்,
வண்டியோடு கூடவே வரும்,
முன்னால் போய்த் தரையைப் பிளக்கும்.

நான் ஹெல்வே. ரொட்டி வண்டி ஓட்டுகிறேன்.
பின்னால் நாற்பது தட்டுக் கறுப்பு ரொட்டி,
அறுபத்திரண்டு வருஷம் என்னோடு முன்னிருக்கையில்.

அக்டோபரில் ஒருநாள்
மூட்டை எதையும் தூக்காமல் சும்மா நிற்கையில்
சாக்கில் போட்ட மீன் மாதிரி
நெஞ்சு கிடந்து துள்ளியது.
மணிக்கட்டில் விரல் வைத்தேன்.
மூன்று. ஒன்று. ஒன்றுமே இல்லை. பிறகு ஐந்தும் ஒரே மூச்சில்.
எந்த வீட்டுக் கதவு என்று தெரியாமல்
எல்லாக் கதவையும் தட்டுகிறவன் போல.

ஹாப்சாலு ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெட்
காகிதச் சுருளை மேசை நீளத்துக்கு விரித்தார்.
மேலறைகள் நடுங்குகின்றன என்றார்.
நடுக்கத்தை நிறுத்தாதாம் இந்த பீட்டா பிளாக்கர்,
கீழறைகளை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம்.
மேல்மாடியில் ரகளை, கீழே வாடகைக்காரர் தூங்கலாம்.
வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு.
காலையில் பாதி, இரவில் பாதி.
ரத்தம் கட்டாமலிருக்க இன்னொன்று, இளஞ்சிவப்பு.

கடல் உறையவேண்டும், ரத்தம் உறையக்கூடாது.
இந்தக் குளிர்காலத்துக்கு
என் வேண்டுதல் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு விரல்கள்
கையுறைக்குள்ளும் அந்நியர்களாய்க் கிடக்கின்றன.
எட்டாவது படியில் மூச்சு
'நீ போ, நான் வருகிறேன்' என்கிறது.
கனவுகளுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை:
நேற்று பள்ளிக்கூட நாற்காலிகள்
வரிசையாகக் கடல்மேல் நடந்து போயின,
நான் மட்டும் பின்னால்
எண்ணிக்கொண்டே, எண்ணிக்கை தவறிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது கம்பத்தருகே
துப்பாக்கி வெடித்த சத்தம்.
முன்னால் போன காரின் பின்சக்கரத்தடியில்
கறுப்பாக ஒரு கோடு ஓடியது, என்னை நோக்கி.
பயந்தேன். சத்தியமாகப் பயந்தேன்.
ஆனால் பயம் மட்டும்தான் வந்தது,
மேளம் வரவில்லை.
வாய் உலரவில்லை, காதுக்குள் எதுவும் இடிக்கவில்லை.
மேளம் இல்லாத ஊர்வலம் போல
அது என்னைக் கடந்து மெதுவாகப் போனது.
கால் தானாக அழுத்தியது. முப்பது, முப்பத்தைந்து,
அந்தக் கெட்ட வேகத்தைத் தாண்டாமல்
நல்ல வேகத்துக்குப் போக வழியே இல்லை.
நாற்பத்தி இரண்டு.
கோடு பின்னால் நின்றுபோனது.

மறுகரையில் ஆர்னே.
தினமும் விடியுமுன் துளைபோட்டுப் பனியை அளக்கிறவன்.
என் வண்டி கண்ணுக்குத் தெரியும்வரை
துளைக்கருவியைக் கீழே வைக்காமல் நின்றிருக்கிறான்.
'இருபத்தி நாலு சென்டிமீட்டர்' என்றான்,
நான் கேட்காமலே. முகம் சுண்ணாம்பு.
மூன்று வருஷமாக இதே மாதிரிதான்,
சென்டிமீட்டரில் பேசுகிறான்.

போன குளிர்காலம் என்றால்
அவனைப் பார்த்ததும் நெஞ்சு தடதடத்திருக்கும்.
அதை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது அப்போது.
இப்போது மணிக்கட்டைப் பார்த்தேன்:
அறுபத்தாறு.
முட்டைக்கடை வரிசையில் நிற்கும்போதும் அறுபத்தாறு.
சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.
இனிமேல் அது எதற்கும் கூண்டேறிச் சொல்லாது.

அதனால்தான்
வாயால் சொல்லவேண்டி வந்தது.
ரொட்டித்தட்டுகளை இறக்கிக்கொண்டே,
அவன் முகத்தைப் பார்க்காமல்,
பாதி வாக்கியம் ரஷ்ய லாரியின் இரைச்சலில் போக,
மீதியை இரண்டாம் முறை சொன்னேன்.

கையுறையைக் கழற்று என்றான்.
கழற்றினேன்.
'பனிக்கட்டி' என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.
விடவில்லை.